அப்பா இருக்கும்போதே எழுத வேண்டியவை: சொத்துப் பங்கு வேறு, தொழில் கைமாற்றம் வேறு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கரூரில் அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதிப் பங்குதாரர்களாக பெட்ஷீட், டவல் நெய்யும் யூனிட் நடத்துகிறார்கள். அப்பாவுக்கு 67 வயது. அம்மா இருக்கிறார், அப்பாவைப் பெற்ற பாட்டியும் இருக்கிறார். நீங்கள் மூத்த மகன், 14 வருடமாக யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள். அக்கா திருமணமாகிக் கோவையில் இருக்கிறார், தம்பிக்கு பெங்களூரில் ஐடி வேலை. அப்பா சம்பாதித்துக் கட்டிய வீடு, அவர் பெயரில் வாங்கிய யூனிட் இடம், 1996-ல் சித்தப்பாவோடு செய்துகொண்ட பதிவு பாகப்பிரிவினையில் வந்த 4 ஏக்கர் நிலம், கொஞ்சம் டெபாசிட், இவைதான் சொத்து. வீட்டை அடமானம் வைத்து வங்கியில் சிசி லிமிட் (தொழிலுக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் கணக்கு) வாங்கியிருக்கிறீர்கள். “எல்லாத்தையும் இப்பவே உன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்கிடு, செலவும் கம்மி” என்கிறார் மாமா. செட்டில்மெண்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தினர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம். “எனக்கப்புறம் நீங்களே பேசிப் பிரிச்சுக்கோங்க” என்கிறார் அப்பா. இதில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே சரியில்லை. மாமா சொல்வது அப்பா அம்மாவைக் கையேந்த வைக்கலாம். அப்பா சொல்வது உங்கள் மூன்று பேரையும் கோர்ட்டில் நிறுத்தலாம். நான் சிவில் வழக்கறிஞன், என்னிடம் வருபவை பெரும்பாலும் பாகப்பிரிவினை வழக்குகள். அந்தக் கட்டுகளைப் படிக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இதுதான்: சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதையும், தொழிலை யார் நடத்துவது என்பதையும் ஒரே கேள்வியாக நினைத்துப் பேசியிருப்பார்கள், அல்லது இரண்டையும் பேசாமலே விட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் இவற்றைப் பிரித்துப் பேச இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில், எதுவும் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி ஓர் ஆண் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய சுயசம்பாத்தியம் முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் ஆகியோர் அந்த வகுப்பில் வருகிறார்கள். உங்கள் வீட்டில் அம்மா, நீங்கள், அக்கா, தம்பி, பாட்டி என்று ஐந்து பேர், ஆளுக்கு ஐந்தில் ஒன்று. பாட்டிக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாட்டியும் உயில் எழுதாமல் காலமானால், அந்த ஐந்தில் ஒன்று அவருடைய பிள்ளைகளுக்கு இறங்கும். அதாவது சித்தப்பாவுக்கு ஒரு பங்கு, அத்தைக்கு ஒரு பங்கு, முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு பங்கு. அப்பா கட்டிய வீட்டில் சித்தப்பாவும் அத்தையும் உரிமையாளர்கள் ஆவார்கள். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். வீட்டை விற்கவோ வங்கியில் வைக்கவோ அத்தனை கையெழுத்தும் வேண்டும், அதில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலே வேலை வருடக் கணக்கில் இழுத்துவிடும்.

அடுத்து அந்த 4 ஏக்கர். வீட்டில் எல்லோரும் பூர்வீகம் என்று சொல்வதால் மட்டும் ஒரு சொத்து பூர்வீகம் ஆகிவிடாது. தாத்தாவுக்கு அது எப்படி வந்தது என்று தாய்ப் பத்திரத்தைப் பாருங்கள். தாத்தா தன் கைக்காசில் வாங்கிய நிலமாக இருந்து, அவர் 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்திருந்தால், அது அப்பாவின் கைக்குத் தனிச்சொத்தாகத்தான் வந்திருக்கிறது. அதில் உங்களுக்குப் பிறப்புரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 1986-ல் சந்தர் சென் வழக்கிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. “தாத்தா சொத்து பேரனுக்கு” என்ற பேச்சை நம்பி வழக்குப் போட்டு, பாதி வாழ்க்கையை அதிலேயே கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தாத்தாவுக்கே அது தன் அப்பன் பாட்டன் வழியில் வந்த நிலம் என்றால் கதை வேறு. அப்போது அப்பா, நீங்கள், தம்பி, அக்கா நால்வரும் கூட்டுக் குடும்ப உரிமையாளர்கள், ஆளுக்குக் கால் பங்கு. தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குச் சம உரிமை கொடுத்தது, ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளுக்கு இந்த உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று முடித்துவைத்தது. 1996 பாகப்பிரிவினை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நடந்தது; அப்பாவின் கிளைக்குள் இன்னும் பிரிவினையே நடக்கவில்லை. ஆகவே அக்காவின் கால் பங்கு அப்படியே இருக்கிறது. அந்த 4 ஏக்கரையும் அப்பா தனியாக உங்கள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதினால் அது நிற்காது. தன்னுடைய கால் பங்கை மட்டும் அவர் உயிலில் எழுதலாம்.

இந்த நிலத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தாத்தா 1991-ல் இறந்தார் என்கிறீர்கள். நிலம் எந்த வழியில் வந்ததாக இருந்தாலும், தாத்தாவின் பங்கில் பாட்டிக்கும் அத்தைக்கும் உரிமை இருந்திருக்கும். 1996 பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து இருக்கிறதா? தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்துத் தனியாக விடுதலைப் பத்திரம் ஏதாவது பதிவாகியிருக்கிறதா? வில்லங்கச் சான்றை அந்த வருடத்திலிருந்து போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பாட்டி நல்ல நினைவோடு இருக்கும் இப்போதே அத்தையிடம் முறையாகப் பேசி, ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் கொடுத்து, பதிவை முடித்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அத்தையின் பிள்ளைகளிடம் போய் நிற்பதைவிட இது எவ்வளவோ எளிது.

சரி, மாமா சொல்லும் செட்டில்மெண்டுக்கு வருவோம். செலவு குறைவு என்பது உண்மைதான். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்தியபடி அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். கோடி ரூபாய்ச் சொத்தானாலும் அரை லட்சத்தில் முடிந்துவிடும். ஆனால் எழுதி, நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகு அப்பாவால் அதைத் தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. நாளைக்கு உங்கள் தொழில் சரிந்து கடன்காரர்கள் வந்தால் அந்த வீட்டின் மேல்தான் கை வைப்பார்கள். உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால் அந்த வீடு உங்கள் மனைவி, பிள்ளைகள், அம்மா ஆகியோருக்குப் போகும். அப்பாவுக்கு அதில் ஒன்றும் வராது, ஏனென்றால் தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசு. தான் கட்டிய வீட்டிலேயே அவர் மருமகளின் சம்மதத்தில் குடியிருக்க வேண்டி வரும். மகன் எவ்வளவு நல்லவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ல் 23-ஆம் பிரிவு ஒரு பாதுகாப்புத் தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டுமா என்பதில் தீர்ப்புகள் ஒரே மாதிரி இல்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை முக்கியம் என்றது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்த்தது. எப்படி இருந்தாலும் என் அறிவுரை ஒன்றுதான். செட்டில்மெண்ட் எழுதியே ஆக வேண்டும் என்றால் பராமரிப்பு நிபந்தனையும், அப்பா அம்மா இருவருக்கும் ஆயுள் வரை குடியிருப்பு உரிமையும் பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும். வீடு வங்கி அடமானத்தில் இருப்பதால் வங்கியின் எழுத்துபூர்வ சம்மதமும் முதலில் வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது உயில். அப்பா உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், சொத்து அவரிடமே இருக்கும், முத்திரைத் தீர்வை கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். அப்பா கையெழுத்திட வேண்டும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். காணாமல் போவதையும் தாள் மாற்றுவதையும் அது தடுக்கும். புரோபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கட்டாயம் என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது.

பதிவான உயில்களும் கோர்ட்டில் தோற்றிருக்கின்றன. காரணங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அதிகப் பங்கு வாங்குகிற மகனே எழுத்தரைக் கூட்டிவந்து, அவனே காரில் சார்பதிவாளர் அலுவலகம் அழைத்துப்போய், அவன் நண்பர்களே சாட்சி போட்டிருப்பார்கள். மகள் பெயரே உயிலில் இருக்காது, ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரியும் இருக்காது. உச்ச நீதிமன்றம் 1958-ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னது இன்றைக்கும் அளவுகோல்: சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை இருந்தால் அதை விலக்கிக் காட்டும் பொறுப்பு உயிலை நம்பி வருகிறவருடையது. ஆகவே நீங்கள் உயில் எழுதும் அறையிலேயே இருக்காதீர்கள். அப்பா தன் வழக்கறிஞரோடு தனியாகப் பேசட்டும். சாட்சிகள் அவரைவிட வயதில் இளையவர்களாக, எதுவும் பெறாதவர்களாக இருக்கட்டும். குடும்ப டாக்டர் ஒருவர் என்றால் மிக நல்லது. சாட்சிகளில் ஒருவராவது பின்னால் கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். பங்கில் ஏற்றத்தாழ்வு இருந்தால் காரணத்தை அப்பாவின் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வே எண், பத்திர எண், நான்கு எல்லை எல்லாம் சரியாக வரட்டும். உயிலில் குறிப்பிடாத சொத்து யாருக்கு, பெறுகிறவர் அப்பாவுக்கு முன்பே காலமானால் அந்தப் பங்கு யாருக்கு என்ற இரண்டு வரியையும் விட்டுவிட வேண்டாம். அம்மாவோடு சேர்ந்து கூட்டு உயில் எழுதும் பழக்கம் உண்டு. வேண்டாம், இருவரும் தனித்தனியாக எழுதட்டும்.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். “மனைவி ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு, பிறகு மகன்களுக்கு” என்று எழுதுவது நம் ஊர் உயில்களில் ஊறிப்போன வாசகம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் அது சிக்கும். ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாகக் கொடுத்தது என்றால், ஆயுள் உரிமை என்று எழுதியிருந்தாலும் அது முழு உரிமையாகிவிடும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து எது முழு உரிமை, எது இல்லை என்று வழக்கு மேல் வழக்கு. இந்தக் குழப்பமே வேண்டாம். வீட்டை அம்மாவுக்கே முழுசாக எழுதச் சொல்லுங்கள், அதோடு டெபாசிட்டில் கணிசமான பகுதியையும். அம்மா தன் உயிலைத் தானே எழுதிக்கொள்வார். தனக்கென்று சொத்து இருக்கிற அம்மாவுக்கு எந்தப் பிள்ளை வீட்டிலும் மரியாதை குறையாது. தவிர, கணவரோடு நாற்பது வருடம் குடும்பத்தை நடத்தியவருக்கு அதில் முழு உரிமை இருப்பதுதான் நியாயம்.

ஆனால் அந்த வீடு சிசி லிமிட்டுக்கு அடமானத்தில் இருக்கிறது. கடனை யார் அடைப்பது என்று எழுதாமல் வீட்டை மட்டும் அம்மாவுக்கு எழுதினால் நீங்கள் தொழிலை எடுத்துக்கொள்கிறீர்கள், அம்மா கடனைச் சுமக்கிறார். வங்கியிடம் பேசி அடமானத்தை வீட்டிலிருந்து யூனிட் இடத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அது ஒத்துவராவிட்டால், தொழில் கடன் முழுவதும் தொழிலை எடுப்பவர் பொறுப்பு என்று உயிலிலும் குடும்ப ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். வங்கியை அது கட்டுப்படுத்தாது, உங்களைக் கட்டுப்படுத்தும்.

இனி தொழில். உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, நிலத்தில் இல்லை. பங்குதாரர் சட்டம், 1932-ன் 42-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் ஒரு பங்குதாரர் இறந்தவுடன் நிறுவனம் கலைந்துவிடும். இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில், ஒருவர் போனால் மீதி இருப்பது ஒருவர். ஒருவரை வைத்துப் பங்குதாரர் நிறுவனம் இருக்க முடியாது. “வாரிசு தானாகப் பங்குதாரர் ஆவார்” என்று பார்ட்னர்ஷிப் டீடில் (பங்குதாரர் ஒப்பந்தத்தில்) எழுதியிருந்தாலும் இரண்டு பேர் நிறுவனத்தில் அது உதவாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கிக் கணக்குத் திறப்பதற்காக யாரோ டைப் செய்து கொடுத்த இரண்டு பக்க டீடுதான் உங்களிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த நாள் வந்தால் என்ன நடக்கும்? தகவல் போனதும் வங்கி சிசி கணக்கை நிறுத்திவைக்கும். இறந்தவர் பொறுப்பில் இருந்த பாக்கித் தொகை அடுத்தடுத்த வரவுகளில் கழிந்துபோய், அவருடைய சொத்தின் மேல் இருக்கும் பிடி நழுவிவிடக் கூடாது என்பதற்காக வங்கிகள் அப்படிச் செய்கின்றன. நூல் வாங்கிய காசோலை திரும்பும், சனிக்கிழமை தறிக்கூலி நிற்கும். புதிய நிறுவனம் என்றால் புதிய பான், புதிய ஜிஎஸ்டி பதிவு, பழைய நிறுவனம் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி வரவைப் படிவம் ஐடிசி-02 மூலம் மாற்றிக்கொள்வது என்று வேலைகள் குவியும். துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்புவதற்குள் சித்தப்பாவும் நீங்களும் கணக்குப் புத்தகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்திருப்பீர்கள். கணக்கை முடிக்காமல் சித்தப்பா தொழிலைத் தொடர்ந்தால், அப்பாவின் பங்கு சம்பாதித்த லாபத்தையோ, அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ கேட்க அதே பங்குதாரர் சட்டத்தின் 37-ஆம் பிரிவு வாரிசுகளுக்கு உரிமை தருகிறது. அக்காவும் தம்பியும்கூட அந்த வாரிசுகள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்குத் தீர்வு, உங்களையும் சித்தப்பா மகனையும் இப்போதே பங்குதாரர்களாகச் சேர்த்து டீடைப் புதிதாக எழுதுவது. நான்கு பேர் இருந்தால் ஒருவர் மறைவில் நிறுவனம் தொடரும் என்று எழுதுவதற்கு அர்த்தம் இருக்கும். மறைந்தவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது, சரக்கும் தறியும் எந்த விலையில், வாடிக்கையாளர் தொடர்புக்கு மதிப்பு உண்டா இல்லையா, வாரிசுகளுக்கு எத்தனை தவணையில் கொடுப்பது என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். மூன்று வருடத் தவணை நடைமுறைக்கு ஒத்துவருவதைப் பார்த்திருக்கிறேன். மொத்தமாகக் கேட்டால் யூனிட்டை விற்றுத்தான் கொடுக்க முடியும். யூனிட் இடத்தை நிறுவனத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அப்படிக் கொண்டுவந்தால் மூலதன ஆதாய வரி வரும், நிறுவனத்தின் கடனுக்குள்ளும் இடம் போய்விடும். அப்பா பெயரிலேயே வைத்து, நிறுவனத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டு, உண்மையாகவே மாதாமாதம் வாடகை வாங்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்ய வேண்டும். அந்த வாடகை அப்பா அம்மாவுக்கு ஓய்வூதியம் மாதிரி இருக்கும்.

உங்கள் உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 14 வருடமாக வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்வதைத் தவிர சம்பளம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் அந்த உழைப்பைக் காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. நீங்கள் யூனிட்டைக் காப்பாற்றியதாக நினைப்பீர்கள். நீங்கள் யூனிட்டை அனுபவித்ததாக அக்காவும் தம்பியும் நினைப்பார்கள். இரண்டு பேரும் மனசறிந்து உண்மையைத்தான் சொல்வீர்கள். புதிய டீடில் உழைக்கும் பங்குதாரராக ஊதியம் எழுதி, அதை வங்கி வழியாக எடுங்கள். இனிமேலாவது உழைப்பு ஒரு கணக்கிலும் பங்கு இன்னொரு கணக்கிலும் இருக்கட்டும்.

பெரிய குடும்பங்களுக்கும் இதே சிக்கல்தான். முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017-ல் காலமான பிறகு, அவர் கிளையின் சார்பில் மகள் வள்ளி அருணாசலம் குழும நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் குடும்ப ஹோல்டிங் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் இயக்குநர் இடம் கேட்டார். 2020 பொதுக்குழுவில் அது நிராகரிக்கப்பட்டது, 2023 ஆகஸ்டில்தான் குடும்பத்துக்குள் உடன்பாடு வந்தது. பங்கு கையில் இருந்தும் நிர்வாகத்தில் இடமில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்வி அது. டிவிஎஸ் குடும்பம் 2020 டிசம்பரில் எழுதிக்கொண்ட குடும்ப ஏற்பாடு, எந்தக் கிளை எந்த நிறுவனத்தை நடத்துகிறதோ உடைமையும் அந்தக் கிளைக்கே என்ற வழியில் போனது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். தொழிலை நடத்தாத அக்காவுக்கு யூனிட்டில் பங்கு கொடுத்து, லாபத்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பதைவிட, அவருக்குக் கைக்கு வரும் சொத்தைக் கொடுப்பது நேர்மையானது.

அப்படியானால் உங்கள் வீட்டுக்கு ஒரு வரைவு. வீடும் டெபாசிட்டில் பெரும்பகுதியும் அம்மாவுக்கு. நிறுவனத்தில் அப்பாவின் பங்கும் யூனிட் இடமும் உங்களுக்கு, தொழில் கடனோடு சேர்த்து. நிலத்தில் அப்பாவின் பங்கு (பூர்வீகம் என்றால் கால் பங்கு) அக்காவுக்கும் தம்பிக்கும். நிலம் பூர்வீகம் என்றால் உங்கள் கால் பங்கையும் நீங்கள் அவர்களுக்கே விடுதலை செய்துவிடுங்கள். அதன் பிறகும் உங்கள் பக்கம் மதிப்பு கூடுதலாக இருந்தால், அப்பாவுக்குப் பின் ஐந்து வருடத்துக்குள் இவ்வளவு தொகை அக்காவுக்கும் தம்பிக்கும் நீங்கள் கொடுக்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதட்டும். பாட்டிக்குப் பங்கு எழுதாவிட்டாலும் அவர் மருத்துவச் செலவுக்கு ஒரு ஏற்பாடு எழுதச் சொல்லுங்கள். இதெல்லாம் என் யோசனை மட்டுமே; அப்பாவின் மனசு வேறு மாதிரி இருந்தால் அதுதான் உயில்.

“அக்காவுக்குக் கல்யாணத்துல நகை போட்டாச்சே” என்ற பேச்சு உங்கள் கேள்வியிலும் இருந்தது. சட்டத்தில் அந்த நகை பங்கில் கழியாது. அப்பா உயிரோடு இருக்கும்போதே அவருடைய சுயசம்பாத்தியத்தில் “எனக்குப் பங்கு வேண்டாம்” என்று அக்காவிடம் எழுதி வாங்குவதும் வலுவில்லாத காரியம். இன்னும் கைக்கு வராத வாரிசுரிமையைச் சட்டப்படி கைமாற்ற முடியாது. அதற்காகவே பணம் வாங்கிக்கொண்டு எழுதியிருந்தால் மட்டும் கோர்ட்டுகள் சில வழக்குகளில் வேறு விதமாகப் பார்த்திருக்கின்றன. தயவுசெய்து அந்த வழியில் போக வேண்டாம். அக்காவைக் கூப்பிட்டு, அப்பா வாயாலேயே, யாருக்கு என்ன, ஏன் என்று சொல்ல வையுங்கள். உயிலைத் திறந்த பிறகுதான் மகளுக்கு விஷயம் தெரிகிறது என்றால், தொகையைவிட அந்த மறைவுதான் வழக்குப் போடத் தூண்டுகிறது.

வங்கி, இன்சூரன்ஸ் நாமினிகளை ஒரு நாள் உட்கார்ந்து சரிபாருங்கள். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தை வாங்கி வைப்பவர், உரிமையாளர் அல்ல. 1983-ல் சர்பதி தேவி வழக்கிலும் 2023 டிசம்பரில் நிறுவனப் பங்குகள் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். பழைய டெபாசிட்டுகளில் கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினி அப்படியே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் இனி டெர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுக்கும்போது திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-ன் கீழ் எடுங்கள். அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான அறக்கட்டளைச் சொத்து ஆகிவிடும், தொழில் கடன்காரர்கள் தொட முடியாது. சென்னை மாகாணத்து இந்துக்களுக்கு இந்த வசதி 1913-ஆம் ஆண்டு முடிவிலிருந்தே இருக்கிறது, நாட்டின் மற்ற பகுதிகளுக்கு 1923-ல்தான் வந்தது. நூறு வருடத்துக்கு மேலாக இருந்தும் தொழில் செய்கிற பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூடத் தெரியாதது எனக்கு வருத்தம். பாலிசி எடுக்கும்போதே தனிப் படிவம் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

வாரிசு வரி வந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். 1953-ல் வந்த எஸ்டேட் டூட்டி 1985 மார்ச்சில் போய்விட்டது, இன்று இந்தியாவில் அப்படி ஒரு வரி இல்லை. உயில் வழியாகவோ வாரிசாகவோ வருவதற்கு வருமான வரியும் இல்லை. பிறகு நீங்கள் விற்கும்போதுதான் மூலதன ஆதாயம், அப்பா வாங்கிய விலையிலிருந்து கணக்கிடுவார்கள். அதனால் பழைய பத்திரம், கட்டுமான ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். 2001-க்கு முன் வாங்கியது என்றால் 2001 ஏப்ரல் 1 மதிப்புக்கு ஒரு மதிப்பீட்டாளர் அறிக்கை வாங்கி வையுங்கள்.

மரணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டால்? உயில் அப்போது வேலை செய்யாது. பவர் பத்திரமும், எழுதிக் கொடுத்தவர் மனநிலை இழந்தால் சட்டப்படி முடிந்துவிடும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சிகிச்சைக்காகச் சொத்தை விற்க அனுமதித்தது. அதற்கு அந்த அம்மா இரண்டு படி ஏற வேண்டியிருந்தது, தனி நீதிபதி முதலில் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். ஆகவே டெபாசிட்டுகளை அப்பா அம்மா இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறைக்கு மாற்றுங்கள், நிறுவனக் கணக்கில் உங்களுக்குக் கையெழுத்து உரிமை வாங்குங்கள், மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கத் தவறாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற மதத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன பங்குக் கணக்கு இந்துக்களுக்கு மட்டும். கிறிஸ்தவக் குடும்பத்தில் உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமம். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, வாரிசு ஒருவருக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். தொழில் பற்றிச் சொன்னவை எல்லோருக்கும் பொதுவானவை.

எங்கே ஆரம்பிப்பது என்று குழம்ப வேண்டாம். அப்பாவிடம் உயிலை முதலில் எடுத்தால் “நான் போறதுக்கு நாள் பார்க்கறியா” என்று முகம் சுருங்கலாம். பார்ட்னர்ஷிப் டீடை எடுங்கள். சித்தப்பாவுக்கும் இதே வயது, இதே ஆபத்து. அவர் முதலில் போனாலும் யூனிட் நிற்கும், அவர் மகன் உங்கள் எதிரில் உட்கார வேண்டி வரும். ஆடிட்டரை வைத்து இருவரிடமும் சேர்ந்து பேசச் சொல்லுங்கள். ஏப்ரல் 1 முதல் புதிய டீடு என்று வைத்துக்கொண்டால் மார்ச் முடிவுக் கணக்கே மதிப்பீட்டுக்கும் அடிப்படையாகிவிடும். மாற்றம் நடந்த 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்துங்கள். நிறுவனப் பதிவாளருக்கும் வங்கிக்கும் கடிதம் கொடுங்கள், வங்கி புதிய பங்குதாரர்களிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கும். அதில் கையெழுத்திடும் முன் உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். யூனிட் விஷயம் எழுத்தில் வந்துவிட்டால் வீடு, நிலம் பற்றிய பேச்சை அப்பாவே எடுப்பார்.